கலைத்துக் கலைத்து அடுக்கப்படும் சிக்லிட் குடும்பம்

மீன் வளர்ப்பவர்கள் ஜாக் டெம்ப்சி என்று அழைக்கும் மத்திய அமெரிக்க மீனுக்கு, லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் டேட் ரீகன் 1903-இல் ஹீரோஸ் ஆக்டோஃபாசியேட்டஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர் அது சிக்லசோமா என்ற பேரினத்துக்குள் சென்றது. அங்கிருந்து நாண்டாப்சிஸ், ஆர்க்கோசென்ட்ரஸ் என இடம் மாறி, 2007-இல் ஷ்மிட்டர்-சோட்டோ உருவாக்கிய ரோசியோ என்னும் பேரினத்தில் வந்து சேர்ந்தது. சென்னை கொளத்தூர்க் கடைகளில் அதை இன்றும் ஜாக் டெம்ப்சி என்று கேட்டுத்தான் வாங்குகிறோம் என்பதால் வாங்குபவருக்குச் சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மீனைப் பற்றிப் படிக்கப் புகுந்தவர், 1970-களின் கையேட்டில் ஒரு பெயரையும், 1990-களின் இதழில் இன்னொரு பெயரையும், இன்றைய ஆய்வுக் கட்டுரையில் மூன்றாவது பெயரையும் கண்டு திகைத்துப்போகிறார். விஞ்ஞானிகளுக்கு வேறு வேலை இல்லையா என்று நண்பர்கள் சலித்துக்கொள்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடு இல்லை. ஜாக் டெம்ப்சி இடம்பெறும் சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்குப் பின்னாலும், மீனின் எந்த அடையாளத்தை நம்பி உறவைத் தீர்மானிப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த புதிய விடை ஒன்று இருக்கிறது. அந்த விடைகளைத் தொடர்ந்து படித்த பிறகுதான், என் தொட்டியில் நீந்தும் மீன்களையே நான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் ஒரு சிறு குறிப்பு. அறிவியல் பெயரின் இரண்டு சொற்களில் மாறுவது பெரும்பாலும் பேரினத்தைக் குறிக்கும் முதல் சொல்தான். சிற்றினத்தைக் குறிக்கும் இரண்டாவது சொல், இலக்கண ஒத்திசைவுக்காக ஈறு மட்டும் மாறி, முதலில் பெயரிட்டவர் வைத்தபடியே நிற்கும். பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்டிருந்தால், அந்த மீன் முதலில் வைக்கப்பட்ட பேரினத்தில் இப்போது இல்லை என்று பொருள். சிக்லிட் பட்டியல் ஒன்றைத் திறந்து பாருங்கள். பழைய பெயர்களில் மிகப் பெரும்பாலானவை அடைப்புக்குறியோடுதான் நிற்கும்.

இந்தக் குடும்பத்தின் மீன்களை ஐரோப்பியர் முதன்முதலில் விவரித்தபோது அப்படி ஒரு குடும்பம் இருப்பதாகவே அவர்கள் அறியவில்லை. தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் உவர்நீரில் வாழும், கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீனை, பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் ப்ளாக் 1790-இல் கீட்டோடான் என்ற பேரினத்தில் வைத்தார். அது பவளப்பாறைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களின் பேரினம். தரங்கம்பாடியில் இருந்த மிஷனரியான கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் போன்றவர்கள் பதப்படுத்தி அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு தென்னிந்திய மீன்கள் பலவற்றை விவரித்த ப்ளாக்குக்கு, உயிரோடு நீந்தும் மீனைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. உயர்ந்து தட்டையான உடலும் முள் நிறைந்த முதுகுத் துடுப்பும்தான் அவர் கண்ணில் பட்டன. தொட்டிகளில் வளர்க்கப்படும் தென்னமெரிக்க ஆஸ்கர் மீனை 1831-இல் இயற்கையியலாளர் அகாசி விவரித்தபோது அதை லோபோட்டிஸ் என்ற கடல்மீன் பேரினத்தில் சேர்த்தார். நாம் ஏஞ்சல் என்று அழைக்கும் மீனும் 1823-இல் சீயஸ் என்ற கடல்மீன் பேரினத்தில்தான் இடம்பெற்றது. உடலின் வெளி உருவத்தை மட்டும் வைத்து உறவு சொன்னால் இப்படித்தான் ஆகும். பிரேசிலில் பதினெட்டு ஆண்டுகள் அலைந்து யோஹான் நாட்டரர் சேகரித்தவற்றை வியன்னாவில் இருந்து ஆராய்ந்த ஹெக்கெல், 1840-இல் ஹீரோஸ், ஜியோஃபேகஸ், சிம்ஃபைசோடான், டெரோஃபில்லம் முதலான பேரினங்களை நிறுவிய பிறகே, இவை தமக்குள் உறவுடைய நன்னீர் மீன்கள் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அப்படியானால் ஒரு மீனைச் சிக்லிட் ஆக்குவது எது? இதை அறிய நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் ஜிலேபி கெண்டை ஒன்றே போதும். பிற மீன்கள் பெரும்பாலானவற்றில் முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நாசித்துளைகள் இருக்க, இதற்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றுதான். உடலின் பக்கக்கோட்டைச் செவுள் மூடியிலிருந்து விரலால் தொடர்ந்து சென்றால், முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே அது நின்றுவிடும். இரண்டு மூன்று செதில் வரிசை கீழே இறங்கி, வால் தண்டின் நடுவில் மீண்டும் தொடங்கும். அடுத்து, செவுள்களை வெட்டி எடுக்கும்போது தொண்டையின் அடிப்பகுதியில் முக்கோண வடிவில் ஒற்றை எலும்பு கையில் தட்டுப்படும். அதன் மேற்பரப்பில் நுண்ணிய பற்கள் அரம்போல நெருங்கி நிற்கும். அதுதான் தொண்டைத் தாடை. மற்ற மீன்கள் பலவற்றில் இடமும் வலமுமாகத் தனித்தனியே இருக்கும் இரண்டு எலும்புகள் இங்கே ஒன்றாக இணைந்து, மண்டையோட்டின் அடியில் பொருந்தியிருக்கும் மேல் எலும்புகளோடு சேர்ந்து இரையை அரைக்கின்றன. அரைக்கும் வேலையைத் தொண்டை ஏற்றுக்கொண்டதால், வாய்த்தாடை இரையைப் பிடிக்கும் வேலைக்கு மட்டும் உரியதாகி, பாசி சுரண்டவும் நத்தையை உருவவும் பிற மீனின் செதிலைக் கடித்துப் பிடுங்கவும் ஏற்றபடி பலவாறு மாறியது. இக்குடும்பத்தில் இன்று 1,700-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருப்பதற்கு இந்த எலும்பு ஒரு முக்கியக் காரணம் என்ற கருத்தை 1973-இல் கேரல் லீம் முன்வைத்தார்.

இந்த எலும்பின் மேல் வைத்த நம்பிக்கைதான் அடுத்த வகைப்பாட்டைக் கட்டியது. பவளப்பாறைகளின் கிளிமீன்கள், அவற்றின் உறவான ராஸ் மீன்கள், கோமாளி மீன் அடங்கிய டாம்செல் குடும்பம், வட பசிபிக் கரையோரம் குட்டி போடும் சர்ஃப்பெர்ச் மீன்கள் ஆகிய எல்லாவற்றிலும் இதே போன்ற இணைந்த தொண்டைத் தாடை உண்டு. ஆகவே 1982-இல் காஃப்மனும் லீமும் இவற்றையும் சிக்லிட்களையும் லாப்ராய்டை என்ற ஒரே தொகுதியாக்கினார்கள். இவ்வளவு சிக்கலான அமைப்பு ஒருமுறைதான் தோன்றியிருக்க முடியும் என்பது அவர்களின் தர்க்கம். அன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நல்ல தர்க்கமும்கூட. மரபணுக்களை ஒப்பிடத் தொடங்கியதும் அந்தக் கட்டடம் ஆட்டம் கண்டது. 2012-இல் வெயின்ரைட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, கிளிமீன்களும் ராஸ் மீன்களும் முற்றிலும் வேறு கிளையைச் சேர்ந்தவை என்றும், தொண்டைத் தாடை இணைவது பல வம்சங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது என்றும் காட்டியது. சிக்லிட்கள் இப்போது நிற்கும் பெருங்கிளையில் அவற்றுக்கு அக்கம்பக்கமாக இருப்பவை மடவை, பறவைக்கோலா, முரல், கப்பி ஆகியவை. அக்கிளையைச் சேர்ந்த பல மீன்களின் முட்டைகள் ஒட்டும் இழைகளோடு இருப்பதால் அதற்கு ஓவலென்டேரியா என்று பெயரிட்டார்கள்.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. தென்மேற்குப் பசிபிக்கின் பவளப்பாறைகளில் மணலைக் குடைந்து வளைகளில் வாழும், விலாங்கைப்போல நீண்ட ஃபோலிடிக்திஸ் என்ற கடல்மீன்தான் சிக்லிட்களுக்கு மிக நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் காட்டின. 2016-இல் வெளிவந்த உலக மீன்கள் பற்றிய பெரும் பாடநூலின் ஐந்தாம் பதிப்பில், பெர்ச் மீன்களின் மாபெரும் வரிசையிலிருந்து சிக்லிட்கள் பிரிக்கப்பட்டு, ஃபோலிடிக்திஸோடு சேர்த்துச் சிக்லிஃபார்மிஸ் என்ற தனி வரிசையில் வைக்கப்பட்டன. வெளித்தோற்றத்தில் இந்த இரண்டையும் உறவென்று எவரும் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

குடும்பத்துக்கு உள்ளே நடந்த மாற்றம்தான் நம் பக்கத்து நீர்நிலைகளோடு தொடர்புடையது. மடகாஸ்கர் தீவு ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் சிக்லிட்கள் ஆப்பிரிக்க மீன்களின் கிளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஸ்பார்க்ஸும் ஸ்மித்தும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த படம் வேறு. மடகாஸ்கரின் பாரெட்ரோப்ளஸ் மீன்கள் கடல் தாண்டி, கரிமீன் முதலான தெற்காசிய மீன்களோடு சேர்ந்து எட்ரோப்ளினே என்ற துணைக்குடும்பமாகின்றன. மடகாஸ்கரின் மற்ற சிக்லிட்கள் டைக்கோக்ரோமினே என்ற தனித் துணைக்குடும்பம். அமெரிக்க மீன்கள் அனைத்தும் ஒன்று, ஆப்பிரிக்க மீன்கள் அனைத்தும் இன்னொன்று. அந்த இரண்டும் தமக்குள் நெருங்கியவை. குடும்ப மரத்தின் அடிமரத்திலேயே பிரிந்துபோன கிளைதான் எட்ரோப்ளினே. 2010-இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டதும், பழவேற்காடு ஏரியில் வலையில் விழுவதுமான அந்த மீன், இக்குடும்பத்தின் தொடக்க வரலாற்றை ஆராய்பவர் எவராலும் ஒதுக்க முடியாத மீன்.

இந்தக் கிளையில் இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவை மூன்றே சிற்றினங்கள்: கரிமீன், கர்நாடகத்தின் ஆறுகளில் மட்டும் வாழும் எட்ரோப்ளஸ் கனரென்சிஸ், தொட்டிகளில் ஆரஞ்சு க்ரோமைட் என்று விற்கப்படும் சிறிய மீன். மூன்றும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் இருந்தன. 2008-இல் ஸ்பார்க்ஸ் ஆரஞ்சு க்ரோமைடைப் பிரித்து, 1862-இல் ப்ளீக்கர் உருவாக்கிக் கைவிடப்பட்டிருந்த சூடெட்ரோப்ளஸ் என்ற பழைய பேரினத்தை அதற்கு மீட்டுக்கொடுத்தார். இந்தத் துணைக்குடும்பத்தை இணைக்கும் அடையாளங்களில் ஒன்று வெளியே தெரியாது: காற்றுப்பை முன்னோக்கி நீண்டு மண்டையோட்டின் காதுப் பகுதியைத் தொடுகிறது, அதனால் இவற்றுக்குக் கேட்கும் திறன் மற்ற சிக்லிட்கள் பலவற்றைவிடக் கூடுதல். ஆரஞ்சு க்ரோமைடை வளர்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தையரின் உடலில் மோதி மோதி, தோலில் சுரக்கும் வழவழப்பை உண்ணும். பெற்றோர் துடுப்புகளை விரித்து அசையாமல் நின்றுகொடுக்கும். அமேசானின் டிஸ்கஸ் என்ற சிக்லிட்டிடமும் இதே பழக்கம் இருக்கிறது. ஆயினும் இவை குடும்ப மரத்தின் இரு கோடிகளில் நிற்பவை; பழக்கத்தின் ஒற்றுமையை உறவின் ஒற்றுமை என்று கொண்டால், தொண்டைத் தாடையில் நேர்ந்ததே இங்கும் நேரும்.

இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பரவல் அமைந்திருப்பதால், இந்நிலங்கள் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா பெருநிலம் பிளந்தபோதே சிக்லிட்கள் அதன் துண்டுகளில் ஏறிப் பிரிந்தன என்ற விளக்கம் பலருக்குப் பிடித்தமானது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆனால் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்கள், தான்சானியாவின் மஹெங்கேயில் கிடைத்தவை, சுமார் 4.6 கோடி ஆண்டுப் பழமை மட்டுமே உடையவை. புதைபடிவப் பதிவை மரபணுக் கணக்கோடு சேர்த்து 2013-இல் ஃப்ரீட்மன் குழுவினர் கணித்தபோது, குடும்பத்தின் தோற்றம் 5.7 கோடி முதல் 6.5 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று வந்தது. அதாவது கண்டங்கள் பிரிந்து நெடுங்காலம் ஆன பிறகு. அப்படியானால் இவை கடலைக் கடந்திருக்க வேண்டும். 2008-இல் அஸுமா குழுவினர் இழைமணி மரபணுக்களைக் கொண்டு இதற்கு நேர்மாறாக, கண்டப் பிளவோடு ஒத்துப்போகும் காலக்கணக்கைக் கண்டிருந்தார்கள் என்பதால் வழக்கு முடிந்துவிடவில்லை. நான் கடல் கடந்தன என்ற பக்கமே சாய்கிறேன். கழிமுகத்தின் உப்பு நீரில் கரிமீன் இயல்பாக வாழ்வதையும், ஜிலேபி கெண்டை கடல்நீரிலேயே தாக்குப்பிடிப்பதையும் பார்த்தவருக்கு அது நம்ப முடியாத செய்தி அல்ல.

இனி ஜாக் டெம்ப்சியின் கதைக்குக் காரணமான சிக்லசோமாவுக்கு வருவோம். ரீகன் 1905-இல் அமெரிக்கச் சிக்லிட்களை ஒழுங்குபடுத்தியபோது இந்தப் பேரினத்தை மிகப் பரந்ததாக அமைத்து, உள்ளே பல பிரிவுகளை வைத்தார். வேறெங்கும் அடங்காத மீன் எல்லாம் அதில் போய்ச் சேர்ந்தது. 1983-இல் ஸ்வீடனின் ஸ்வென் குல்லாண்டர், உண்மையான சிக்லசோமா என்பது தென்னமெரிக்காவின் 12 சிற்றினங்கள் மட்டுமே என்று வரையறுத்தார். அது மிகச் சரியான வேலை. ஆனால் அதனால் மத்திய அமெரிக்காவின் ஏராளமான மீன்கள் ஒரே நாளில் பேரினம் இல்லாதவை ஆயின. அவற்றைக் குறிக்க வேறு வழியின்றி, சிக்லசோமா என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டு எழுதும் வழக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கன்விக்ட் என்று நாம் அழைக்கும் வரிமீன் ஆர்க்கோசென்ட்ரஸ், க்ரிப்டோஹீரோஸ் என்று அலைந்து அமாட்டிட்லானியாவில் நின்றது இந்தக் காலத்தில்தான். 2016-இல் செக் நாட்டு ஆய்வாளர் ரிச்சனும் அவருடைய குழுவினரும் மரபணு, உடலமைப்பு இரண்டையும் கொண்டு மத்திய அமெரிக்க மீன்கள் முழுவதையும் திருத்தி அடுக்கிய பிறகு, அந்த மேற்கோள் குறிக்கான தேவை பெரும்பாலும் தீர்ந்தது. குல்லாண்டர் செய்ததைப் பாதி வேலை என்று குறைகூறுவோர் உண்டு. தவறான கூட்டைக் கலைப்பதற்குச் சரியான கூடு தயாராகும் வரை காத்திருந்திருந்தால், அடுத்த தலைமுறை எதை ஆராய்வது என்றே தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஜிலேபி கெண்டையின் வழி வேறு. மொசாம்பிக்கில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு பீட்டர்ஸ் 1852-இல் பெயரிட்ட இந்த மீன், நூறு ஆண்டுகள் கழித்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது திலாப்பியா மொசாம்பிகா எனப்பட்டது. ஈத்தெல் ட்ரெவாவஸ் 1983-இல் வெளியிட்ட பெருநூலில், குஞ்சுகளைக் காக்கும் முறையையும் உடலமைப்பையும் சேர்த்து இத்தொகுதியைப் பிரித்தார்: முட்டைகளைத் தரையில் இட்டுக் காப்பவை திலாப்பியா, வாயில் அடைகாக்கும் வேலையைத் தந்தையோ இருவருமோ ஏற்பவை சரோத்தெரோடான், தாய் மட்டும் வாயில் அடைகாப்பவை ஓரியோக்ரோமிஸ். நம் ஜிலேபி கெண்டை ஓரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ் ஆனது இவ்வாறுதான். வாயில் அடைகாப்பவை தமக்குள் நெருங்கியவை என்ற அவர் கண்டுபிடிப்பை மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. தரையில் முட்டையிடுபவையோ உண்மையில் ஒரே குடும்பக் கிளை அல்ல என்று தெரிந்தது. 2013-இல் டுன்ஸும் ஷ்லீவெனும் அவற்றைக் காப்டோடான், ஹெட்டெரோதிலாப்பியா, பெல்மட்டோலாப்பியா என்று பிரித்தபோது, திலாப்பியா என்ற பேரினத்தில் எஞ்சியவை நான்கே சிற்றினங்கள். உலகச் சந்தையில் திலாப்பியா என்று விற்கப்படும் மீன் எதுவும் அந்த நான்கில் இல்லை. இதனால் என்ன பயன் என்று கேட்பவருக்கு ஒரு செய்தி: ஓரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ் நம் குளங்களில் தொல்லையாகப் பெருகியிருந்தாலும், அதன் தாயகமான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து தூய வடிவம் குறைந்துவருவதால், அழியும் ஆபத்துக்கு உட்பட்ட மீன்களின் பட்டியலில் இருக்கிறது. எது எந்தச் சிற்றினம் என்று பிரித்தறியாமல் அதைக் காக்க வழியில்லை.

வகைப்பாட்டுக்கு மிகக் கடினமான சோதனை விக்டோரியா ஏரி. அங்கே ஏறத்தாழ 500 சிற்றினங்கள் இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். ஏரியோ சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக் கிடந்தது என்று அதன் அடிப்படிவுகள் சொல்கின்றன. லண்டனின் ஹம்ஃப்ரி கிரீன்வுட் 1979, 1980 ஆண்டுகளில், ஹாப்லோக்ரோமிஸ் என்ற ஒற்றைப் பேரினத்தில் கிடந்த இந்த மீன்களை, பற்கள், மண்டையோடு ஆகியவற்றின் அடிப்படையில் பல பேரினங்களாகப் பிரித்தார். தொண்டைத் தாடை எவ்வளவு நெகிழ்வானது என்பதை 1965-இலேயே காட்டியவரும் அவர்தான்: நத்தை உண்ணும் அஸ்டாடோரியோக்ரோமிஸ் அல்லௌடியைத் தொட்டியில் மென்மையான உணவு கொடுத்து வளர்த்தபோது, அதன் தொண்டை எலும்பும் பற்களும் மெலிந்தே வளர்ந்தன. 1990-இல் ஆக்செல் மேயர் குழுவினர் இந்த ஏரி மீன்களின் இழைமணி மரபணுக்களை ஒப்பிட்டு, அவற்றுக்கு இடையே வேறுபாடு மிகமிகக் குறைவு என்று கண்டார்கள். கிரீன்வுட்டின் பேரினங்களில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் கைவிட்டு மீண்டும் ஹாப்லோக்ரோமிஸ் என்றே எழுதலானார்கள். 2017-இல் வெளியான மையர் குழுவினரின் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்று, இந்த மீன் கூட்டம் முழுவதுமே, காங்கோ பக்கத்திலிருந்தும் மேல் நைல் பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு பழைய வம்சங்கள் கலந்ததில் தோன்றியது என்று காட்டியது. பிரிந்துகொண்டே செல்லும் கிளைகளை வைத்து அடுக்குவதுதான் வகைப்பாடு. கிளைகள் மீண்டும் கூடும் இடத்தில் அந்த முறை திணறுகிறது. அதற்குள் 1950-களில் ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் 1980-களில் பெருகி நூற்றுக்கணக்கான மீன்களை அழித்தது. அவற்றில் பல, ஆய்வாளர்கள் தங்கள் குறிப்பேடுகளில் வைத்திருந்த தற்காலிகப் பெயர்களோடு, முறையாக விவரிக்கப்படும் முன்பே மறைந்துவிட்டன.

பணி இன்னும் ஓயவில்லை. 2023-இல் வரெல்லா குழுவினர் தென்னமெரிக்காவின் க்ரெனிசிக்லா என்ற பேரினத்தை லுகுப்ரியா, சாக்சடிலியா, வல்லாசியா முதலான பேரினங்களாகப் பிரித்தார்கள். அவற்றை வளர்ப்பவர்கள் அட்டைகளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மலாவி ஏரியின் வரிக்குதிரை மீன்களை மேலண்டியா என்பதா, மெட்ரியாக்ளிமா என்பதா என்ற சர்ச்சைக்கு வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. என் தொட்டிகளின் அட்டைகளில் நான் இப்போது முதல் சொல்லைப் பென்சிலாலும், சிற்றினப் பெயரையும் மீன் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஏரிக்கரையிலிருந்து வந்தது என்பதையும் பேனாவாலும் எழுதுகிறேன். கடைக்காரரிடம் பிடித்த இடத்தைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார். இருந்தும் கேளுங்கள், ஏற்றுமதியாளரின் பட்டியலில் சில சமயம் இருக்கும். ஆறும் கரையும் எழுதப்பட்டிருந்தால், நாளை ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிக்கப்படும்போது உங்கள் தொட்டியில் இருப்பது எது என்பதைச் சொல்லிவிடலாம்.